கழற்றிப் பார்ப்போம்: பழைய ரோடு பைக்கில் செலவு செய்யலாமா?

ரோடு பைக் பற்றி வந்த கடிதங்களை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன். எல்லோரும் சுற்றிச் சுற்றிக் கேட்பது ஒன்றுதான்: இருக்கிற சைக்கிளைத் தேற்றுவதா, தலைமுழுகிவிட்டுப் புதிது வாங்குவதா? சைக்கிளைக் கண்ணால் பார்க்காமல் சொல்லும் பதில்கள் இவை. எழுதியவர்கள் பல் எண்ணிக்கை வரை எண்ணி எழுதியிருப்பதால் துணிந்து சொல்கிறேன்.

கேள்வி: என்னுடையது பன்னிரண்டு வருடப் பழைய அலுமினிய ரோடு பைக். ரிம் பிரேக் (சக்கர விளிம்பைக் கட்டை பிடிக்கும் வகை). ஷிமானோ கம்பெனி கியர்கள், பின்னால் 9, முன்னால் 53-39 பல். கேசட் (பின்சக்கரப் பல்சக்கர அடுக்கு) 12-23 பல். மேடு வந்தால் நாக்குத் தள்ளுகிறது. அழுத்தி மிதித்தால் செயின் டக்கென்று வழுக்குகிறது. கூட ஓட்டுபவர்கள் எல்லாம் 12 கியர், டிஸ்க் பிரேக் என்று போய்விட்டார்கள். நானும் ஒரு 12 கியர் குரூப்செட் (கியர், பிரேக் சாமான்களின் முழுத் தொகுப்பு) வாங்கி இதிலேயே மாட்டிவிடலாமா, இல்லை புது சைக்கிளே வாங்கிவிடலாமா அக்கா? உட்காரும் வாகு எனக்கு நன்றாகவே பொருந்துகிறது.

பதில்: உங்கள் கடிதத்தில் ஒரு ரிப்பேர், ஒரு கணக்கு, ஓர் ஆசை மூன்றும் கலந்து கிடக்கின்றன. செயின் வழுக்குவது ரிப்பேர். மேட்டில் நாக்குத் தள்ளுவது பல் கணக்கு. 12 கியர் ஆசை. ஆசைப்படுவதில் தப்பில்லை, ஆனால் மற்ற இரண்டுக்கும் அதுதான் மருந்து என்று நம்பிவிடாதீர்கள்.

முதலில் செயினை அளந்துவிடுங்கள். ஒரு ஸ்டீல் ஸ்கேலைச் செயினோடு ஒட்டிப் பிடித்து, ஏதாவது ஒரு பின்னின் இடது ஓரத்தில் சுழியத்தை வையுங்கள். புதுச் செயினாக இருந்தால் சரியாக 12 அங்குலக் கோட்டில் இன்னொரு பின்னின் இடது ஓரம் வந்து நிற்கும். அது கோட்டைத் தாண்டி ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளி நின்றால், செயின் அரை சதவீதம் நீண்டிருக்கிறது. மாற்றும் நேரம் வந்துவிட்டது. எட்டில் ஒரு பங்கு தள்ளி நின்றால் செயினோடு கேசட்டும் போயிருக்கும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இந்த இரண்டாவது நிலைதான் என்று தோன்றுகிறது. செயினை மட்டும் மாற்றி ஒப்பேற்றலாம் என்று நினைக்காதீர்கள். தேய்ந்த பல்லில் புதுச் செயின் உட்காராது, வழுக்கல் இன்னும் கூடும். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். இந்தச் செலவைப் "பழசில் போடும் காசு" என்று கணக்கு வைக்கவும் வேண்டாம். செயின், கேசட், பிரேக் கட்டை, கியர் வயர் எல்லாம் தேய்வதற்கென்றே பிறந்தவை; நாளைக்குப் புது சைக்கிள் வாங்கினாலும் அதற்கும் இதே செலவு வரத்தான் போகிறது.

இப்போது மேடு. உங்களிடம் இருக்கும் மிக லேசான கியர் முன்னால் 39 பல்லுக்குப் பின்னால் 23. கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் 1.7 சுற்று. 25 மில்லிமீட்டர் டயர் போட்ட 700சி (ரோடு பைக்கின் வழக்கமான அளவு) சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2.1 மீட்டர். ஆக நிமிடத்துக்கு 60 மிதி மிதித்தால் மணிக்கு 13 கிலோமீட்டர் வேகத்தில் போய்த்தான் ஆக வேண்டும். நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 8 சதவீத ஏற்றத்தில் அந்த வேகத்துக்கு, எடையை மேலே தூக்க மட்டுமே ஏறக்குறைய 220 வாட் வேண்டும். பழக்கப்பட்ட காலுக்கே அது நீண்ட நேரம் தாங்காது. முடியாதபோது மிதியின் வேகம் 50, 40 என்று இறங்கும், முழங்கால் கத்தும், நாக்குத் தள்ளும். உங்கள் உடம்பில் கோளாறு இல்லை. பந்தயக்காரர்களுக்கான பல்லை வைத்துக்கொண்டு மேடு ஏறுகிறீர்கள், அவ்வளவுதான்.

முன்பக்கம் 39-ஐக் கழற்றி 34 போட்டுவிடலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 53-39 கிராங்குகளில் பல்சக்கரத்தை மாட்டும் போல்ட்டுகளின் வட்டம் பெரும்பாலும் 130 மில்லிமீட்டர். அதில் 38 பல்லுக்குக் கீழே பல்சக்கரமே உட்காராது. 50-34 வேண்டுமென்றால் கிராங்கையே மாற்ற வேண்டும், பல நேரம் பாட்டம் பிராக்கெட்டும் (கிராங்க் சுழலும் பேரிங்) கூடவே போகும்.

இங்கேதான் உங்கள் பழைய 9 கியர் உங்களுக்குக் கை கொடுக்கிறது. ஷிமானோவில் 9 கியர் காலத்து ரோடு லீவரும் (ஹேண்டிலில் கியர் மாற்றுவது), அதே 9 கியர் காலத்து மலை சைக்கிள் டீரெய்லரும் (செயினைப் பல்சக்கரத்துக்குப் பல்சக்கரம் நகர்த்துவது) வயரை இழுக்கும் கணக்கில் ஒத்துப்போகும். நீளக் கை வைத்த ஒரு 9 கியர் மலை டீரெய்லரைப் பின்னால் மாட்டினால் 11-34 கேசட் தாராளமாக ஓடும். 39-க்கு 34 என்றால் அதே 60 மிதியில் மணிக்கு 8.7 கிலோமீட்டர், 220 வாட் கேட்ட ஏற்றம் இப்போது 150 வாட்டில் அடங்கிவிடும். செயினும் கேசட்டும் எப்படியும் வாங்கப் போகிறீர்கள். கேசட்டைப் பெரிதாக வாங்குங்கள், செயினைக் கொஞ்சம் நீளமாக வெட்டுங்கள். கூடுதல் செலவு ஒரே ஒரு டீரெய்லர். அது பழையதாகக் கிடைத்தாலும் பரவாயில்லை, ஸ்பிரிங் தளராமல் இருந்தால் போதும். 10 கியர் காலத்து மலை டீரெய்லரை மட்டும் வாங்கிவிடாதீர்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், இழுப்புக் கணக்கு வேறு. கியர் ஒன்றும் சரியாக விழாது.

சரி, ஆசைக்கு வருவோம். 12 கியர் மாட்டுவதென்றால் இரண்டு லீவர், இரண்டு டீரெய்லர், கேசட், செயின், கிராங்க், பாட்டம் பிராக்கெட் எல்லாம் புதிது. உங்கள் பின்சக்கர ஹப்பும் (சக்கரத்தின் நடுக்குடம்) இடம் கொடுக்காது. 9, 10 கியர் காலத்து ஃப்ரீஹப்பை (ஹப்பில் கேசட் ஏறும் உருளை) விட 11 கியர் ரோடு ஃப்ரீஹப் 1.85 மில்லிமீட்டர் நீளம். ஷிமானோவின் 12 கியர் ரோடு கேசட் இந்த நீள ஹப்பில் ஏறும், உங்களுடையதில் ஏறாது. அப்படியானால் சக்கரமும் புதிது. புது லீவரின் இழுப்புக்குப் பழைய பிரேக் ஒத்துப்போகாது என்றால் பிரேக்கும் புதிது. போதாக்குறைக்கு, ஷிமானோவின் '105' என்ற வரிசையின் 12 கியர் தொகுப்பில் ரிம் பிரேக்குக்கான லீவரே கிடையாது. இவ்வளவையும் உதிரியாக வாங்கினால் அதே சாமான்கள் மாட்டிய முழு சைக்கிளின் விலையை நெருங்கிவிடும். தயாரிப்பாளருக்கு மொத்தமாகக் கிடைக்கும் விலை நமக்கு உதிரியில் கிடைக்காது. கடைசியில் மிஞ்சுவது பன்னிரண்டு வருட ஃபிரேம், ஹேண்டில்பார், சீட். இந்த வேலைக்கு என்னிடம் சைக்கிளைக் கொண்டுவருபவர்களை நான் திருப்பி அனுப்பத்தான் பார்க்கிறேன்.

ஒரே ஒரு இடத்தில் என் பதில் மாறும். பிரேக் கட்டை உரசும் ரிம்மின் பக்கவாட்டில் விரலை மேலிருந்து கீழே ஓட்டிப் பாருங்கள். தட்டையாக இருந்தால் நல்லது. நடுவில் குழிந்து, ஓரம் விரலில் தட்டினால் ரிம் தேய்ந்து மெலிந்துவிட்டது. டயரின் காற்றழுத்தம் தாங்காமல் ஒரு நாள் பக்கவாட்டில் பிளந்துகொள்ளும். சில ரிம்களில் தேய்மானம் காட்ட ஒரு சின்னக் குழியோ கோடோ இருக்கும். அது மறைந்திருந்தாலும் அதே பொருள்தான். இரண்டு ரிம்மும் முடிந்துபோயிருந்தால் அப்போது கணக்கே வேறு. நல்ல ரிம் பிரேக் சக்கரம் வாங்கிப் போட்டால் நாளை டிஸ்க் சைக்கிளுக்கு மாறும்போது அதைக் கூட எடுத்துப்போக முடியாது. சீட்டும் பெடலும் உங்களோடு அடுத்த சைக்கிளுக்கு வரும், சக்கரம் வராது. ரிம் போயிருந்தால் புது சைக்கிள் பக்கம் சாயுங்கள். ரிம் நன்றாக இருந்தால், வாகும் பொருந்துகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், இன்னும் பல வருடம் ஓட்டலாம். மிச்சமாகும் காசில் ஒரு ஜோடி நல்ல டயர் போடுங்கள். மட்டமான டயருக்கும் நல்ல டயருக்கும் உள்ள வித்தியாசம் 9-க்கும் 12-க்கும் உள்ள வித்தியாசத்தை விட அதிகமாகக் காலில் தெரியும். கியர் வயரையும் அதன் உறையையும் சேர்த்து மாற்றிவிட்டால் கியர் விழும் விதத்தைப் பார்த்து நீங்களே அசந்துபோவீர்கள்.

கேள்வி: ரிம் பிரேக் ஃபிரேமில் டிஸ்க் பிரேக் மாட்ட ஏதாவது கிட் உண்டா?

பதில்: அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். டிஸ்க் பிரேக்கின் இழுவிசை முழுவதும் ஃபோர்க்கின் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை) ஒரு காலில், அதுவும் அடிப்பகுதியில் போய் விழுகிறது. ரிம் பிரேக் ஃபோர்க் அந்த இடத்தில் மெல்லியதாகவே செய்யப்பட்டிருக்கும். ஹப், அச்சு, பின்பக்க அகலம் எல்லாமே வேறு: ரிம் பிரேக்கில் 130 மில்லிமீட்டர், இன்றைய டிஸ்க் சைக்கிளில் 142. மழையில் பிரேக் போதவில்லை என்பதுதான் குறை என்றால், முதலில் கட்டையைக் கவனியுங்கள். பழைய கட்டை காலப்போக்கில் கல்லாக இறுகிப்போகும். நல்ல ரப்பர்க் கட்டையாக மாற்றி, ரிம்மை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டு ஒரு தடவை பிடித்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் டிஸ்க்தான் வேண்டும் என்றால் வழி புது சைக்கிள்தான். 2018-இல் யூசிஐ (உலக சைக்கிள் பந்தய அமைப்பு) சாலைப் பந்தயங்களில் டிஸ்க்கை முறைப்படி அனுமதித்ததிலிருந்து தயாரிப்பாளர்கள் அந்தப் பக்கமே சாய்ந்துவிட்டார்கள்.

கேள்வி: என் சைக்கிள் எடை 9 கிலோ. கார்பன் சக்கரமும் கார்பன் ஹேண்டில்பாரும் போட்டால் 8 கிலோவுக்குக் கொண்டுவந்துவிடலாம் என்கிறார்கள். மேடு ஏறுவதில் எவ்வளவு வித்தியாசம் தெரியும்?

பதில்: நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்றால், 1 கிலோ என்பது 1.25 சதவீதம். செங்குத்தான மேட்டில் நேரமும் ஏறக்குறைய அதே அளவுதான் குறையும். ஒரு மணி நேரம் ஏறும் மலையில் 45 விநாடி. 750 மில்லி தண்ணீர் பாட்டிலை மலையடியில் காலி செய்துவிட்டு ஏறினாலே அதில் முக்கால்வாசி வந்துவிடும், சல்லிக்காசு செலவில்லாமல். சமதரையில் எடை ஏறக்குறைய பொருட்டே இல்லை. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேலே நீங்கள் மல்லுக்கட்டுவது காற்றோடு. அதிலும் பெரும்பங்கைத் தடுத்து நிற்பது உங்கள் உடம்பு. முழங்கையை மடக்கிக் குனிந்து ஓட்டப் பழகுங்கள். தொழில்முறைப் பந்தயக்காரர்களின் சைக்கிளுக்கே 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று 2000-இலிருந்து விதி இருக்கிறது. கார்பன் சக்கரம் பார்க்க அழகாக இருக்கிறது, அதற்காக வாங்குகிறேன் என்றால் தாராளமாக வாங்குங்கள். அது நேர்மையான காரணம்.

கேள்வி: போன மாதம் திருப்பத்தில் சறுக்கி விழுந்தேன். கார்பன் ஃபிரேமின் மேல் குழாயில் ஒரு கோடு தெரிகிறது. ஃபோர்க்கில் கிரவுனுக்கு (இரண்டு காலும் மேலே சேரும் இடம்) கீழே ஒரு சிராய்ப்பு. ஓட்டிப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. அப்படியே ஓட்டலாமா? புதிதாக வாங்கும் நிலையில் இப்போது இல்லை.

பதில்: இந்தப் பதிலைப் படித்து முடிக்கும் வரை மட்டுமல்ல, அந்த ஃபோர்க்கைச் சோதிக்கும் வரை சைக்கிளைத் தொடாதீர்கள். ஓட்டிப் பார்த்தால் தெரியாது என்பதுதான் கார்பனின் குணம். இரும்பு வளையும், அலுமினியம் பல நேரம் வெடிப்பு விட்டுக் காட்டும். கார்பனில் உள்ளே அடுக்குகள் பிரிந்து கிடந்தாலும் மேலே பெயின்ட் சிரித்துக்கொண்டிருக்கும்.

மேல் குழாயை நன்றாகத் துடைத்துவிட்டு ஒரு பஞ்சுத் துண்டை அந்தக் கோட்டின் மேல் குறுக்காக இழுங்கள். பஞ்சு நூல் நூலாகச் சிக்கிக்கொண்டால் கீழே நார் அறுந்திருக்கிறது. சிக்கவில்லை என்றால் ஒரு நாணயத்தின் விளிம்பால் கோட்டைச் சுற்றி ஒவ்வோர் அங்குலமாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் 'டிக் டிக்' என்று கணீரென்று கேட்கும். அடுக்கு பிரிந்த இடத்தில் சத்தம் மொத்தையாகச் செத்துப்போகும். குழாயின் கனம் இடத்துக்கு இடம் மாறுவதால் சத்தமும் கொஞ்சம் மாறும். அதனால் அதே குழாயில் அடிபடாத இடத்தோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். கட்டைவிரலால் அழுத்தும்போது அமுங்கினால் பேச்சே இல்லை. இதில் எதிலும் சிக்கவில்லை என்றால் அது பெயின்ட் கீறலாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனாலும் கார்பன் வேலை தெரிந்தவரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள். மேல் குழாய் உடைந்திருந்தால்கூட ஃபிரேமைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. கார்பன் ஒட்டுவது தெரிந்தவர்கள் அதை நன்றாகவே சரிசெய்து கொடுக்கிறார்கள்.

ஃபோர்க் அப்படி இல்லை. முதலில் அதைக் கழற்றி வெளியே எடுங்கள். கிரவுனையும், ஹெட் குழாய்க்குள் மறைந்திருக்கும் தண்டையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். வெடிப்பு பெரும்பாலும் கிரவுனும் தண்டும் சேரும் இடத்திலும், கீழ் பேரிங் உட்காரும் இடத்திலும்தான் தொடங்கும். மாட்டியிருக்கும்போது அது கண்ணில் படாது. சந்தேகம் துளி இருந்தாலும் ஃபோர்க்கை மாற்றிவிடுங்கள். ஒட்டி ஓட்டும் பேச்சு வேண்டாம். பின்பக்கம் எது உடைந்தாலும் சறுக்கி நிற்க ஒரு வாய்ப்பு உண்டு. ஃபோர்க் உடைந்தால் முகம்தான் முதலில் தரையைத் தொடும். புது ஃபோர்க் வாங்கப் போகும்போது தண்டு நேரானதா, கீழே அகலமாகிறதா, அடியில் எத்தனை அங்குலம், அச்சிலிருந்து கிரவுன் வரை எத்தனை மில்லிமீட்டர் என்று குறித்துக்கொண்டு போங்கள். ஒரு ஃபோர்க்கின் விலையில் முடியும் காரியம் இது. நீங்கள் நினைப்பது போல முழு சைக்கிள் வாங்க வேண்டிய அவசியம் வராது.

கேள்வி: அப்பா இளவயதில் ஓட்டிய இரும்பு ரேஸ் சைக்கிள் வீட்டில் இருக்கிறது. 27 அங்குலச் சக்கரம், பின்னால் 6 கியர், கியர் லீவர் கீழ்க் குழாயில். இதை இன்றைய சைக்கிள் மாதிரி ஆக்க முடியுமா மேடம்?

பதில்: முடியும். ஆனால் ஏன் ஆக்க வேண்டும்? இப்படிப்பட்ட சைக்கிள் என் மேஜைக்கு வந்தால் நான் முதலில் செய்வது சீட் போஸ்டும் ஹேண்டில் தண்டும் அசைகின்றனவா என்று பார்ப்பதுதான். அவை துருவில் இறுகியிருந்தால் மற்ற எதிலும் காசு போடுவதற்கு முன் அதைத் தீர்க்க வேண்டும். ஊடுருவும் எண்ணெய் விட்டு இரண்டு மூன்று நாள் பொறுத்திருங்கள். குழாயை வைஸில் பிடித்து முறுக்கி ஃபிரேமைக் கெடுத்துவிடாதீர்கள்.

பின்பக்க அகலம் அநேகமாக 126 மில்லிமீட்டர் இருக்கும். இரும்பு என்பதால் அதை 130-க்கு விரித்துக்கொள்ளலாம். அலுமினியத்திலும் கார்பனிலும் இந்த வேலையை நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது. 27 அங்குலச் சக்கரத்துக்கு டயர் வகை குறைவு. 700சி சக்கரம் போட்டால் ரிம்மின் விட்டம் 630-இலிருந்து 622 மில்லிமீட்டருக்கு இறங்கும். பிரேக் கட்டை 4 மில்லிமீட்டர் கீழே இறங்க வேண்டும். பிரேக்கில் அந்த இடம் இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே பாருங்கள். இரும்பு ரிம்மாக இருந்தால் இந்த மாற்றத்தைக் கட்டாயம் செய்யுங்கள். ஈரமான இரும்பு ரிம்மில் பிரேக் பிடிப்பது பெயருக்குத்தான். அலுமினிய ரிம் போட்டால் அதே பிரேக் வேறு பிரேக்காகிவிடும்.

கீழ்க் குழாய் லீவரை மட்டும் கழற்றிவிடாதீர்கள். படிப்படியாக விழாமல் உராய்வில் நின்று நகரும் அந்த லீவருக்கு எத்தனை கியர், எந்தக் கம்பெனி என்ற கவலையே இல்லை. கியர் சரியாக விழும் இடத்தைக் கை பழகிக்கொள்ளும். சக்கரம், டயர், வயர், பிரேக் கட்டை, பேரிங்குகளுக்குப் புதுக் கிரீஸ், அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அப்பாவையும் ஒரு சுற்று ஓட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் நல்ல சைக்கிள் கிடைத்தது என்று வாங்கினேன். அரை மணி ஓட்டினால் கழுத்தும் உள்ளங்கையும் வலிக்கிறது. ஸ்டெம்மை (ஹேண்டில்பாரைப் பிடிக்கும் கை) 110 மில்லிமீட்டரிலிருந்து 70-க்குக் குறைத்துவிட்டேன், சீட்டையும் முன்னால் தள்ளிவிட்டேன். இன்னும் எட்டவில்லை. அடுத்து எதை மாற்றுவது?

பதில்: சைக்கிளை. ஃபிரேம் உங்களுக்குப் பெரிது. எத்தனை நல்ல சாமான் மாட்டினாலும் குழாயின் நீளம் குறையாது. சீட்டை முன்னால் தள்ளியது தப்பு. சீட்டின் இடம் பெடலையும் முழங்காலையும் வைத்து முடிவாக வேண்டியது, ஹேண்டிலை எட்டுவதற்காக அல்ல. அதைப் பழைய இடத்துக்கே திருப்பிவிடுங்கள். ஸ்டெம் 10, 20 மில்லிமீட்டர் மாறினால் சரி, 40 மாற்றியும் எட்டவில்லை என்றால் அது திருத்தும் எல்லையைத் தாண்டிவிட்டது. விற்பதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். ஃபிரேம் அளவு அட்டவணையில் உங்கள் சைக்கிளின் ரீச் (கிராங்க் நடுவிலிருந்து ஹெட் குழாயின் உச்சி வரை கிடைமட்ட தூரம்), ஸ்டாக் (அதே இரண்டுக்கும் இடையிலான உயரம்) இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து பார்க்கும் சைக்கிளின் ரீச் அதைவிட எவ்வளவு குறைவு என்று பார்த்தாலே, ஏறி உட்காரும் முன் பாதி விஷயம் தெரிந்துவிடும். ஃபிரேமில் ஒட்டியிருக்கும் 54, 56 என்ற எண்ணை நம்பாதீர்கள். ஒரு கம்பெனியின் 54 இன்னொரு கம்பெனியின் 56.

கேள்வி: உங்களைக் கேட்காமலே புது டிஸ்க் சைக்கிள் வாங்கிவிட்டேன், கோபிக்காதீர்கள். பழையதை விற்பதா, வைத்துக்கொள்வதா?

பதில்: கோபம் எதற்கு, வாழ்த்துகள். வீட்டுக்குள் டிரெய்னரில் (சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்க வைக்கும் கருவி) மிதிக்கும் பழக்கம் இருந்தால் பழையதை அதற்கென்றே வைத்துக்கொள்ளலாம். வியர்வை சொட்டி ஹேண்டில்பார் அரித்துப்போகும் வேலை அது. அதைப் புதியதற்கு ஏன் கொடுக்க வேண்டும்? டிரெய்னரெல்லாம் இல்லை, மூலையில்தான் நிற்கப் போகிறது என்றால் இப்போதே விற்றுவிடுங்கள். ரிம் பிரேக் சைக்கிளின் மதிப்பு இனி ஏறப்போவதில்லை. உடம்புக்குப் பழகிய சீட்டையும் பெடலையும் கழற்றி வைத்துக்கொண்டு, கூட வந்த பழைய சீட்டை மாட்டிக் கொடுங்கள். வலது பெடல் இடப்பக்கமாகத் திருப்பினால் கழலும். இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம், வலப்பக்கமாகத் திருப்ப வேண்டும். வராமல் அடம்பிடித்தால் ஸ்பேனரில் ஏறி நிற்பதற்கு முன் எந்தப் பக்கம் திருப்புகிறீர்கள் என்று இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.